படுத்திருக்கும் நாட்களுக்கான கூலி



வீராம்பட்டினத்து வரலாறு என்றால் எல்லோருக்கும் அரிக்கமேடு நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் ஆடி மாதத்துச் செங்கழுநீர் அம்மன் தேர். இரண்டைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். இன்று நான் எழுதுவது கல்வெட்டிலும் தேர்ச் சக்கரத்திலும் இல்லாத ஒரு வரலாறு. வேலையில் அடிபட்ட ஒருவர், எலும்பு கூடும் முன்னும் வழக்கு தீரும் முன்னும் வீட்டில் படுத்திருக்கிறாரே, அந்த நாட்களில் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது? இதுதான் கேள்வி. கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் பயன்படும் செய்தியும் இருக்கிறது.

இதை எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவை வேலை கொடுத்தவர் கட்டினார். பிறகு, "இதோடு கணக்கு முடிந்தது" என்று எழுதிய ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்களாம். அவன் மனைவி என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், போடலாமா?" என்றாள். "பொறு அம்மா" என்றேன். ஏன் பொறுக்கச் சொன்னேன் என்பதற்கு 140 வருடத்துக் கதை இருக்கிறது.

1884 செப்டம்பர் மாதம் பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டினார்கள். கூட்டியவர் நாராயண் மேகாஜி லோகண்டே, ஜோதிராவ் புலேயின் தோழர். சுமார் 5,500 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று தயாரானது. ஞாயிறு விடுமுறை வேண்டும், நடுப்பகலில் அரை மணி ஓய்வு வேண்டும், கூலியை மாதம் 15ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்றெல்லாம் அதில் கேட்டார்கள். அதே மனுவில் இன்னொன்றும் இருந்தது. ஆலையில் பலத்த காயம்பட்டு வேலைக்கு வர முடியாதவருக்கு, குணமாகும் வரை முழுக் கூலி தர வேண்டும். ஆயுளுக்கும் ஊனமாகிவிட்டால் அவர் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும்.

இரண்டையும் அவர்கள் தனித்தனியாகக் கேட்டதைக் கவனியுங்கள். ஊனத்துக்கு ஈடு ஒன்று, குணமாகும் வரைக்கான கூலி வேறொன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த அந்தக் கூட்டத்துக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த சட்டங்கள் பல படிகளாகத்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன.

அன்று இந்தியாவில் இருந்தது 1855ஆம் ஆண்டின் உயிர்ச்சேத விபத்துச் சட்டம். செத்தால்தான் அதில் பேச்சு. உயிரோடு அடிபட்டுக் கிடப்பவர் சிவில் கோர்ட்டுக்குப் போய், முதலாளியின் தவறால்தான் அடிபட்டேன் என்று நிரூபிக்க வேண்டும். கை போனவர் வக்கீலுக்குக் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவார்?

அதே சமயத்தில் உலகம் வேறு பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீட்டையும் 1884இல் விபத்துக் காப்பீட்டையும் கொண்டுவந்தார். அங்கே அடிபட்டவருக்கு முதல் 13 வாரம் நோய்க் காப்பீட்டு நிதி பணம் கொடுக்கும், அதற்கு மேல் விபத்துக் காப்பீடு ஏற்றுக்கொள்ளும். நடுவில் வெற்று நாட்கள் விழாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. இங்கிலாந்து 1897இல் சட்டம் செய்தது, வாரக் கூலியில் பாதியை வாரா வாரம் தர வேண்டும் என்று. பிரான்ஸ் 1898 ஏப்ரல் 9 அன்று சட்டம் செய்தது. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலை என்றாலே ஆபத்து உண்டு, அந்த ஆபத்தை முதலாளிதான் சுமக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு ஐந்தாம் நாளிலிருந்து பாதிக் கூலி.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நமக்கு அது வந்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் காலனி ஆட்சியின் சூட்சுமம். பாரீஸில் நிறைவேறும் சட்டம் தானாகக் கடல் தாண்டாது. இந்தக் காலனிக்கும் இது உண்டு என்று தனியாக ஆணை போட்டால்தான் உண்டு. அதே 1898இல்தான் முதலியார்பேட்டையில் ரோடியர் ஆலை எழுந்தது. ஆலை உடனே வந்துவிட்டது, சட்டம்தான் கப்பல் ஏறவில்லை.

நம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆலைக்குப் போனவர்கள் பலர். அரியாங்குப்பத்து ஆற்றைத் தாண்டி, விடியுமுன் சோற்றுத் தூக்கோடு நடந்து போனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரோடியர், சவானா, கப்ளே என்று மூன்று ஆலைகள். 1934இல் வ. சுப்பையா "சுதந்திரம்" பத்திரிகையைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்துச் சங்கம் கட்டப் போராடினார். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் பிரெஞ்சுப் படை சுட்டது. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த உயிர்களின் விலையாகத்தான் 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் ஆணையாக வந்தன. ஒவ்வொரு ஜூலை 30ஆம் தேதியும் அவர்களுக்கு மாலை போடுகிறோம், போட வேண்டியதுதான். அந்த நாளில் இறந்தவர்களோடு அடிபட்டுப் படுத்தவர்களையும் நினைக்கச் சொல்லி வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வேன். இறந்தவர்களுக்கு நினைவுத் தூண் உண்டு. அடிபட்டு வீட்டுத் திண்ணையில் கிடந்தவர்களின் மாதங்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

இனி எல்லைக்கு அந்தப் பக்கம் பார்ப்போம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1923இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில்தான் "அரைமாதத் தொகை" என்ற ஏற்பாடு முதலில் வந்தது. அடிபட்டுத் தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாதவருக்கு 15 நாளுக்கு ஒருமுறை, மாதக் கூலியில் கால் பங்கு. மாதத்துக்கு இரண்டு முறை என்றால் பாதிக் கூலி. லோகண்டேயின் ஆட்கள் கேட்டது முழுக் கூலி, 40 வருடம் கழித்து வந்தது பாதி. அதிலும் முதல் 10 நாள் "காத்திருப்புக் காலம்", அதற்கு ஒன்றும் கிடையாது. அந்தக் காத்திருப்பு 1933இல் 7 நாளாகவும் 1959இல் 3 நாளாகவும் குறைந்தது. 10, 7, 3 என்ற இந்த இறங்கு வரிசைக்கு 36 வருடம் பிடித்தது.

நம் புதுச்சேரியின் வரைபடம் உங்களுக்குத் தெரியும். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் பிரிட்டிஷ் என்று கிழித்துப் போட்ட துணி மாதிரி. 1924க்குப் பிறகு வரப்புக்கு அந்தப் பக்கத்து ஆலையில் விரல் போனால் இந்தியச் சட்டம் உண்டு. இந்தப் பக்கம் அந்தச் சட்டம் செல்லாது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைந்த பிறகு, இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் படிப்படியாக நமக்கும் வந்தன.

1959ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த இன்னொரு பிரிவுதான் என் கதையின் நடு முடிச்சு. அதன் எண் 4ஏ. நஷ்டஈடு எப்போது கடனாகிறதோ அப்போதே கொடுத்துவிட வேண்டும். "நீ கேட்கும் அளவுக்கு நான் பொறுப்பில்லை" என்று முதலாளி மறுத்தால் என்ன செய்வது? அப்போதும் தான் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு ஒரு இடைக்காலத் தொகையைத் தொழிலாளியிடமோ நஷ்டஈட்டு ஆணையரிடமோ கட்டியாக வேண்டும். அதை வாங்கிக்கொண்டதால் மீதியைக் கேட்கும் உரிமை தொழிலாளிக்குப் போகாது. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் வட்டி. தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால் பாதி வரைக்கும் அபராதம். வட்டி அன்று 6 சதவீதம், 1995க்குப் பிறகு 12 சதவீதம்.

சண்டை நடக்கட்டும், அதுவரை சோற்றை நிறுத்தாதே என்பதுதான் இதன் பொருள். வழக்கு ஆண்டுக் கணக்கில் போகும், வயிறு நாள் கணக்கில் கேட்கும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது.

ஆனால் சட்டம் எழுதியதும் நடந்துவிடுமா? 1968 ஜூலையில் ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு தச்சர் சினிமாக் கொட்டகை அலங்கார வேலை செய்யும்போது விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. வேலை கொடுத்தவர் பொறுப்பை மறுத்தார், இடைக்காலத் தொகையும் கட்டவில்லை. ஆணையர் 9,800 ரூபாயும் அதற்கு மேல் அபராதமும் வட்டியும் விதித்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. "ஆணையர் தொகையை முடிவு செய்த நாளிலிருந்துதான் எனக்குக் கடன்" என்பது முதலாளியின் வாதம். 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் அதைத் தள்ளினார்கள். காயம்பட்ட அன்றே கடன் பிறந்துவிட்டது, இடைக்காலத் தொகையாவது கட்டியிருக்க வேண்டும், அதனால் அபராதம் சரியே என்றார்கள். தீர்ப்பு அருமையானது. ஆனால் ஒரு கையோடு அந்த மனிதர் ஏழு வருடம் காத்திருந்தார். இடைக்காலத் தொகை எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஏழு வருடத்தைச் சொல்லுங்கள்.

இதற்குள் இன்னொரு வழியும் பிறந்திருந்தது. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில், பேராசிரியர் பி.பி. அடர்கர் 1944இல் தொழிலாளர் நலக் காப்பீட்டு அறிக்கையைத் தந்தார். அதன் வழியில் 1948இல் ஈஎஸ்ஐ சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. இதில் அடிபட்டவர் முதலாளியின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. எல்லோரும் சந்தா கட்டிய பொது நிதி கொடுக்கும். நம் கோரிமேட்டு ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியை வைத்தியத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். படுத்திருக்கும் நாளுக்குப் பணம் கொடுப்பதும் அந்தத் திட்டம்தான்.

இப்போது கணக்குப் போடுவோம். டீச்சர் எழுதினால் கணக்கு இல்லாமலா?

மாதம் 12,000 ரூபாய், அதாவது நாளுக்கு 400 ரூபாய் வாங்குபவர் வேலையில் அடிபட்டு மூன்று மாதம் படுக்கிறார். அவர் ஈஎஸ்ஐயில் இருந்தால், தற்காலிக ஊனப் பலன் 90 சதவீதம். நாளுக்கு 360 ரூபாய், 30 நாளுக்கு 10,800 ரூபாய். குணமாகும் வரை கிடைக்கும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதற்குக் கிடையாது, வேலைக்குச் சேர்ந்த அன்றே அடிபட்டாலும் உண்டு. விபத்தில்லாத சாதாரண நோய் என்றால் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. இந்தப் பலனை வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று பழைய ஈஎஸ்ஐ சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது.

அவர் ஈஎஸ்ஐயில் இல்லாவிட்டால் நஷ்டஈட்டுச் சட்டம். 15 நாளுக்கு ஒருமுறை மாதக் கூலியில் 25 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். மாதத்துக்கு 6,000. முதல் தொகை 16ஆம் நாள் வர வேண்டும். 28 நாளோ அதற்கு மேலோ வேலைக்குப் போக முடியாவிட்டால் அந்த முதல் 3 நாளையும் கழிக்கக் கூடாது. அதிகபட்சம் ஐந்து வருடம். 2020 முதல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாய், அதனால் இதைவிட அதிகம் வாங்குபவருக்கும் அரைமாதத் தொகை 3,750தான்.

10,800 எங்கே, 6,000 எங்கே! ஒரே கால், ஒரே முறிவு. பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கிறதா இல்லையா என்பதில் இத்தனை வித்தியாசம்.

1923ஆம் ஆண்டுச் சட்டமும் ஈஎஸ்ஐ சட்டமும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. பிரிவு எண்கள் மாறும். அரைமாதத் தொகையும் இடைக்காலத் தொகையும் தொகுப்பிலும் இருக்கின்றன. அதனால் எண்ணை மறந்தாலும் கீழ்க்கண்டவற்றை மறக்காதீர்கள்.

1. ஆஸ்பத்திரிச் செலவு வேறு, நஷ்டஈடு வேறு. வைத்தியத்துக்குக் கொடுத்த பணத்தை நஷ்டஈட்டில் கழிக்கக் கூடாது.

2. "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கும் தாள் சட்டப்படி செல்லாது. ஒப்பந்தம் என்றால் ஆணையரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது என்று தெரிந்தால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம்.

3. மேஸ்திரி மூலம் வேலைக்குப் போனாலும், வேலையை எடுத்து நடத்தும் பெரிய முதலாளியையும் கேட்கலாம்.

4. அடிபட்டதை உடனே எழுத்தில் தெரிவியுங்கள். டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே, கூலி வந்த வங்கிப் பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆணையரிடம் மனுச் செய்ய இரண்டு வருடம்தான் அவகாசம்.

5. முதலாளி மறுத்தால், "நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையையாவது இப்போது கட்டுங்கள்" என்று கேளுங்கள். அது பிச்சை அல்ல.

அந்தப் பையனின் மனைவிக்கும் இதையேதான் சொன்னேன். தாளில் கையெழுத்துப் போடவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது கூலி வாங்குபவர்களின் கதை. நம் ஊரில் பாதிப் பேர் கூலி வாங்குபவர்கள் அல்ல, பங்கு வாங்குபவர்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. கடலில் எஞ்சின் கயிறு சுற்றி விரல் போனால் யார் முதலாளி? மாதக் கூலி எவ்வளவு? 25 சதவீதம் எதில்? சட்டத்தின் கேள்வி எதற்கும் நம் கரையில் நேரான பதில் கிடையாது. மீனவர்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு இரண்டரை லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 ரூபாய். நல்லதுதான். ஆனால் தோள் எலும்பு விலகி நான்கு மாதம் வலை இழுக்க முடியாதவர் செத்தவரும் அல்ல, நிரந்தர ஊனமானவரும் அல்ல. அந்த நான்கு மாதத்துக்கு அதில் இடமில்லை.

படுத்திருக்கும் ஆளுக்கு அரைப் பங்கு எடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் படகுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய மனசு. ஆனால் மீன் படாத மாதத்தில் மனசு மட்டும் என்ன செய்யும்? பிறகு மனைவியின் தோடு, பிறகு வட்டிக் கடன், பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும் மூத்த பையன். இந்த வரிசையை வகுப்பறையிலிருந்தே பார்க்கலாம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து விடுப்புக் குறி விழும். விசாரித்தால் அப்பா படுத்திருப்பார்.

கடலுக்குப் போகாத நாளுக்குப் பணம் தர முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களுக்கு அரசு மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம் தருகிறது. மீன் குஞ்சு வளரட்டும் என்று மனிதர் கரையில் இருக்கும் நாட்களுக்கு ஒரு தொகை உண்டு. எலும்பு வளரட்டும் என்று கரையில் இருக்கும் நாட்களுக்கும் அதே வழியில், டாக்டர் சீட்டின் பேரில், 15 நாளுக்கு ஒருமுறை ஏன் தரக் கூடாது? பெயர்ப் பட்டியல் மீன்வளத் துறையில் இருக்கிறது, வங்கிக் கணக்கும் இருக்கிறது.

பிரெஞ்சு பென்ஷன் வரும் வீடுகளை நம் புதுச்சேரியில் எல்லோருக்கும் தெரியும். அந்த வீடுகளின் நிம்மதி தொகையின் பெரிசில் மட்டும் இல்லை. இந்தத் தேதிக்கு வரும் என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது. கடைக்காரர் அந்தத் தேதியை நம்பி அரிசி கொடுப்பார். பின்னால் வரப்போகும் லட்சத்தை நம்பி யாரும் ஒரு படி அரிசி கொடுப்பதில்லை.

என் மாணவர்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், பஞ்சாயத்தில் இருக்கிறீர்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறீர்கள், அரசு அலுவலகங்களிலும் இருக்கிறீர்கள். இப்படி ஒரு மனு எழுதலாமா என்று யோசியுங்கள். வாசகம் எழுத நான் உதவுகிறேன், பிழை திருத்தியும் தருகிறேன். கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள், உங்கள் பெயருக்கு ஈஎஸ்ஐ எண் இருக்கிறதா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்றும் கேளுங்கள். அடிபட்ட பிறகு கேட்பதைவிட நல்ல உடம்போடு கேட்பது சுலபம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்